சிம்ப்சன்ஸைப் பார்த்துச் சிரிக்கப் பழைய படங்களையெல்லாம் பார்த்திருக்க வேண்டுமா?

கேள்வி: "'தி சிம்ப்சன்ஸ்' என்கிற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரை முதல் சீசனிலிருந்து பார்த்து வருகிறேன். எபிசோட் முடிந்ததும் இணையத்தில் தேடினால், 'இந்தக் காட்சி அந்தப் படத்தின் பகடி, இந்தப் பாட்டு அந்த நாடகத்தின் பகடி' என்று நீளமாகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதில் முக்கால்வாசியை நான் பார்த்ததே இல்லை. சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனாலும் பாதியைத் தவறவிடுகிறேனோ என்று இருக்கிறது. மூலங்களை முதலில் பார்த்துவிட்டு வருவதா, இப்படியே போகலாமா?"

இப்படியே போகலாம். சிரிப்பு வருகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதுவே பெரிய விஷயம். 1990களின் தொடக்கத்தில் ஃபாக்ஸ் சேனலில் இதைப் பார்த்த அமெரிக்கக் குழந்தைகளில் எத்தனை பேர் 1941இல் வந்த 'சிட்டிசன் கேன்' என்கிற கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்திருப்பார்கள்? அவர்களும் சிரித்தார்கள். இந்தத் தொடரின் நல்ல பகடிகளுக்கு ஒரு குணம் உண்டு: மூலத்தைத் தெரியாதவருக்கும் அந்தக் காட்சி கதைக்குள் ஒரு வேலை செய்யும். தெரிந்தவருக்குக் கூடுதலாக ஒன்று கிடைக்கும். அந்தக் கதை வேலை இல்லாமல் வெறுமனே 'இது எங்கிருந்து என்று கண்டுபிடி' என்று நிற்கும் பகடிகளும் உண்டு. அவற்றைத் தவறவிட்டால் பெரிய நஷ்டம் இல்லை.

முதலில் ஒரு காட்சியைக் கிட்டத்தில் பார்ப்போம். இரண்டாவது சீசனில், 1990 டிசம்பரில் வந்த 'இட்சி அண்ட் ஸ்க்ராட்சி அண்ட் மார்ஜ்'. வீட்டின் அடித்தளத்தில் குடும்பத் தலைவர் ஹோமர் மனைவிக்காக மசாலா டப்பாக்கள் வைக்கும் ஸ்டாண்டு ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார். தவழும் குழந்தை மேகி கையில் மரச்சுத்தியலோடு வந்து அவர் தலையில் ஓங்கி ஒன்று போடுகிறாள். அந்த நொடியில் வயலின்கள் கிறீச்சிடுகின்றன. ஹோமர் சரிகிறார், சிவப்பு பெயின்ட் டப்பா கவிழ்ந்து தரையில் ஓடுகிறது.

ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்தில் (1960) வரும் குளியலறைக் கொலைதான் இது. பெர்னார்ட் ஹெர்மன் வெறும் தந்திக் கருவிகளை மட்டும் வைத்துப் போட்ட அந்த இசையைப் படம் பார்க்காதவர்கள்கூட எங்காவது கேட்டிருப்பார்கள். கத்திக்குப் பதில் சுத்தியல், ரத்தத்துக்குப் பதில் பெயின்ட், கொலைகாரனுக்குப் பதில் வாயில் ரப்பர் காம்பு வைத்த குழந்தை. சரி, இதெல்லாம் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் குழந்தை அப்பாவை மண்டையில் அடித்தது நடந்தது நடந்ததுதான். 'இவள் இதை எங்கே கற்றுக்கொண்டாள்?' என்று தாய் மார்ஜ் யோசிக்கிறாள். பிள்ளைகள் பார்க்கும் பூனை எலி கார்ட்டூனை உட்கார்ந்து பார்க்கிறாள், அதிர்ச்சி அடைகிறாள், கார்ட்டூன் வன்முறைக்கு எதிராகப் போராட்டமே நடத்துகிறாள். கடைசியில் அதே போராட்டக் கூட்டம் மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை நிர்வாணமாக இருக்கிறது, அதையும் தடை செய்ய வேண்டும் என்று அவளிடமே வந்து நிற்கிறது. மொத்தக் கதையும் அந்த அடியில்தான் தொடங்குகிறது. வன்முறையைத் திரையில் காட்டலாமா என்று கேட்கிற எபிசோடுக்கு, திரை வன்முறையிலேயே மிகப் புகழ்பெற்ற காட்சியைத் தொடக்கமாக வைத்தது தெரிந்துதான் செய்த வேலை.

அந்தப் பூனையும் எலியும் யார் என்று உங்களுக்குச் சொல்லவே தேவையில்லை. டாம் அண்ட் ஜெர்ரி பார்த்து வளர்ந்த யாருக்கும் இட்சியும் ஸ்க்ராட்சியும் உடனே பிடிபடும். அங்கே அடிவாங்கிய பூனை அடுத்த நொடி எழுந்துவிடும். இங்கே குடல் வெளியே வந்துவிடும், அவ்வளவுதான் வித்தியாசம். 1992இல் வந்த 'இட்சி அண்ட் ஸ்க்ராட்சி: தி மூவி'யில் 'ஸ்டீம்போட் இட்சி' என்று ஒரு பழைய கறுப்பு வெள்ளைத் துண்டு வரும். மிக்கி மவுஸின் 'ஸ்டீம்போட் வில்லி'யை (1928) அப்படியே ரத்தக்களரி ஆக்கியிருப்பார்கள். டிஸ்னியை இப்படிச் சீண்டிக்கொண்டே இருந்த இந்தத் தொடரை, 2019இல் ஃபாக்ஸின் பொழுதுபோக்குத் தொழிலை வாங்கியபோது டிஸ்னியே சேர்த்து வாங்கிவிட்டது. இப்போது கிண்டல் செய்யப்பட்டவரே முதலாளி.

அடுத்து, பகடி என்றால் எல்லோரும் முதலில் சொல்லும் எபிசோட்: 1993 அக்டோபரில், ஐந்தாவது சீசனில் வந்த 'கேப் ஃபியர்'. ஜான் விட்டி எழுதி, ரிச் மூர் இயக்கியது. ஸ்கோர்செசியின் 1991 படத்தின் கதைதான்: சிறையிலிருந்து வந்தவன் தன்னை உள்ளே தள்ளியவரின் குடும்பத்தைப் பழிவாங்கத் துரத்துகிறான். இங்கே துரத்துபவன் சைட்ஷோ பாப், குரல் கெல்சி கிராமர். துரத்தப்படுவது ஹோமரின் பத்து வயது மகன் பார்ட். வில்லன் உடம்பெல்லாம் பச்சை குத்தியிருப்பது, குடும்பம் போகும் காருக்கு அடியில் தன்னைக் கட்டிக்கொண்டு போவது எல்லாம் படத்திலிருந்து எடுத்தவை. படத்தில் தியேட்டரில் ராபர்ட் டி நீரோ சுருட்டைப் புகைத்துக்கொண்டு எல்லோருக்கும் தொந்தரவாக இடிச்சிரிப்பு சிரிப்பார். இங்கே பாப் அதையே செய்யும்போது, அவருக்கு முன்வரிசையில் அதைவிடப் பெரிய சுருட்டோடு, அதைவிடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டு ஹோமர் உட்கார்ந்திருக்கிறார். வில்லனே முகம் சுளிக்கிறான். படத்தைப் பார்த்திராவிட்டாலும், 'பயமுறுத்த வந்தவனையே எரிச்சலூட்டும் அப்பா' என்கிற நகைச்சுவை அப்படியே நிற்கிறது.

இதே எபிசோடில் எனக்கு மிகப் பிடித்த காட்சிக்கு எந்த மூலமும் இல்லை. சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் குடும்பத்துக்கு தாம்சன் என்று புதுப் பெயர் கொடுக்கிறார்கள். 'நான் ஹலோ மிஸ்டர் தாம்சன் என்று சொல்லி உங்கள் காலை மிதித்தால் நீங்கள் சிரித்துத் தலையாட்ட வேண்டும்' என்று அதிகாரி ஹோமருக்குப் பாடம் நடத்துகிறார். காலை மிதி மிதி என்று மிதிக்கிறார்கள். ஹோமர் பக்கத்தில் இருக்கும் இன்னொரு அதிகாரியிடம் குனிந்து, 'உங்களைத்தான் கூப்பிடுகிறார் போல' என்கிறார். அதேபோல, எபிசோட் நேரம் குறைவாக வந்துவிட்டது என்பதற்காக பாப் மண்வாரியை மிதித்து அதன் கைப்பிடி முகத்தில் அடிக்கும் காட்சியை ஒன்பது முறை நீட்டினார்கள். இரண்டாவது அடியில் சிரிப்போம், ஐந்தாவதில் சலிப்பு வரும், எட்டாவதில் திரும்பவும் அடக்க முடியாமல் சிரிப்போம். பட்டியல் போடுகிறவர்கள் இவற்றை விட்டுவிடுவார்கள், காரணம் இவற்றுக்கு எதிரே எழுத ஒரு படப்பெயர் கிடையாது. ஆனால் எபிசோடைத் தூக்கி நிறுத்துவது இவைதான்.

இசையையும் கவனியுங்கள். 1991 படத்தில் வரும் முரட்டுத்தனமான பித்தளைக் கருவி இசை அந்தப் படத்துக்காக எழுதப்பட்டதே இல்லை. ராபர்ட் மிட்சம் வில்லனாக நடித்த 1962 'கேப் ஃபியர்' படத்துக்கு அதே பெர்னார்ட் ஹெர்மன் போட்டது. ஸ்கோர்செசி அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். சிம்ப்சன்ஸ் இசையமைப்பாளர் ஆல்ஃப் கிளாசன் அதை சைட்ஷோ பாபின் அடையாள இசையாகவே ஆக்கிவிட்டார், பின்னால் பாப் வரும் இடங்களிலும் அது ஒலிக்கும். கிளாசன் வாரம் வாரம் நிஜமான ஆர்கெஸ்ட்ராவை வைத்துப் பதிவு செய்தவர். இந்தத் தொடரின் பகடி இவ்வளவு கச்சிதமாக அமைவதில் பாதிப் பங்கு அவருடையது என்பேன். படம் கொஞ்சம் பிசகினாலும் இசை சரியாக இருந்தால் காது கண்டுபிடித்துவிடும்.

இந்தச் சங்கிலி அங்கேயும் முடியவில்லை. ஜான் டி. மெக்டொனால்ட் 1957இல் எழுதிய நாவல் முதலில், அப்புறம் 1962 படம், 1991 படம், 1993 கார்ட்டூன். 2012இல் ஆன் வாஷ்பர்ன் என்கிற நாடக ஆசிரியர் 'மிஸ்டர் பர்ன்ஸ்' என்று ஒரு நாடகம் எழுதினார். உலகம் அழிந்து மின்சாரமே இல்லாமல் போன பிறகு, தப்பிப் பிழைத்தவர்கள் தீ மூட்டி உட்கார்ந்து இந்த எபிசோடை நினைவிலிருந்து ஒருவருக்கொருவர் சொல்கிறார்கள். 'அந்த வசனம் எப்படி வரும்?' என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். இரண்டாம் பகுதி ஏழு ஆண்டுகள் கழித்து. அதில் நினைவிலிருக்கும் எபிசோடுகளை நடித்துக் காட்டிப் பிழைக்கும் நாடகக் குழுவாக அவர்கள் ஆகியிருக்கிறார்கள். மூன்றாம் பகுதியில் இன்னும் 75 ஆண்டுகள் போயிருக்கும். இப்போது அது கிட்டத்தட்ட ஒரு புராணம். வில்லனே மாறி, பாப் இருந்த இடத்தில் அணுமின் நிலைய முதலாளி பர்ன்ஸ் நிற்கிறார். அந்த மேடையில் இருக்கும் யாருக்கும் டி நீரோவும் தெரியாது, மிட்சமும் தெரியாது. கதை ஓடுகிறது. உங்கள் கேள்விக்கு என்னைவிட அந்த நாடகம் நன்றாகப் பதில் சொல்கிறது.

'கேப் ஃபியர்' வந்து இரண்டே வாரத்தில் வந்தது 'ரோஸ்பட்'. இதன் மூலம் ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' (1941). சாகும் தறுவாயில் பெரும் பணக்காரர் ஒருவர் முணுமுணுத்த ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று படம் முழுக்கத் தேடுவார்கள். (படத்தைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) கடைசியில் அது அவர் சிறுவயதில் தொலைத்த பனிச்சறுக்குப் பலகையின் பெயர். இங்கே பர்ன்ஸ் தூக்கத்தில் 'போபோ' என்கிறார். சிறுவயதில் விட்டுவந்த கரடி பொம்மை. அந்தப் பொம்மை லிண்ட்பெர்கின் விமானத்தில் ஏறி, ஹிட்லர் கையில் போய், நீர்மூழ்கிக் கப்பலில் வட துருவம் சேர்ந்து, ஐஸ் கட்டிக்குள் உறைந்து, கடைசியில் கடையில் விற்கும் ஐஸ் பையோடு மேகியிடம் வந்து சேர்கிறது. பர்ன்ஸ் மிரட்டுகிறார், பணம் காட்டுகிறார், ஊருக்கே டிவியும் பீரும் கிடைக்காமல் செய்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. அவர் உடைந்துபோய் நிற்கும்போது குழந்தை தானாக நீட்டுகிறது. கேனுக்கு அந்தப் பலகை கிடைக்காது, அது நெருப்பில் போகும். பர்ன்ஸுக்குப் பொம்மை கிடைக்கிறது. மூலப்படம் விட்டுச்சென்ற துயரத்துக்கு ஒரு கார்ட்டூன் பதில் சொல்வது என்பது வெறும் கிண்டலில் சேராது. என்னைக் கேட்டால், இந்தத் தொடரின் பகடிகளில் இதுதான் உச்சம். மூலத்தைத் தெரிந்துகொண்டு பார்த்தால் லாபம் என்று நான் சொல்லக்கூடிய மிகச் சில எபிசோடுகளில் ஒன்றும் இதுதான்.

இதற்கு நேர் எதிர், 1993 ஜனவரியில் கோனன் ஓ'பிரையன் எழுதிய 'மார்ஜ் வெர்சஸ் தி மோனோரயில்'. 'தி மியூசிக் மேன்' என்கிற 1957 பிராட்வே இசை நாடகத்தின் பகடி. அயோவா மாநிலத்தில் ஒரு சின்ன ஊருக்கு வரும் ஏமாற்றுக்காரன், பையன்களுக்கு பேண்டு வாத்தியக் குழு அமைத்துத் தருகிறேன் என்று பாட்டுப் பாடி ஊரையே மயக்குவான். இங்கே ஊருக்கு திடீரென்று 30 லட்சம் டாலர் கிடைக்கிறது. லைல் லேன்லி என்பவன் வந்து மோனோரயில் பாட்டுப் பாடி மொத்தத்தையும் சுருட்டப் பார்க்கிறான். உள்ளாட்சிப் பணத்தில் தேவையில்லாத ஒன்றைக் கட்டி யாரோ சம்பாதிப்பதைப் புரிந்துகொள்ள நமக்கு எந்த பிராட்வே நாடகமும் தேவையில்லை. இந்த எபிசோடில் 'ஸ்டார் டிரெக்' நடிகர் லெனர்ட் நிமோய் அவராகவே வருவார். முதலில் கேட்டது அதே தொடரின் இன்னொரு நடிகரான ஜார்ஜ் டகேயிடம். அவர் தெற்கு கலிபோர்னியாவின் பொதுப் போக்குவரத்து வாரியத்தில் இருந்தவர், பொதுப் போக்குவரத்தைக் கிண்டல் செய்யமாட்டேன் என்று மறுத்துவிட்டார். கொள்கைப் பிடிப்புக்கு இதைவிட அழகான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

மூலம் தெரியாததால் சண்டையே வந்த கதையும் ஒன்று உண்டு. 1992 அக்டோபரில் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் மார்ஜ்'. ஊர் நாடகக் குழு டென்னசி வில்லியம்ஸின் நாடகத்தை இசை நாடகமாகப் போடுகிறது. தொடக்கப் பாட்டு நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைக் குடிகாரர்களும் திருடர்களும் நிறைந்த சாக்கடை என்று திட்டும். 'ஸ்வீனி டாட்' இசை நாடகத்தில் லண்டனைத் திட்டுவதாக வரும் பாட்டின் சாயல் அது. அசட்டு அமெச்சூர் குழு எப்படியெல்லாம் எழுதும் என்பதுதான் அங்கே கிண்டல். ஆனால் ஒளிபரப்புக்கு முன்பே பாட்டின் வரிகள் மட்டும் தனியாக நியூ ஆர்லியன்ஸ் செய்தித்தாளில் வந்துவிட்டன. ஊர் கொதித்தது. ஃபாக்ஸ் மன்னிப்புக் கேட்டது. அடுத்த வாரம் பார்ட் கரும்பலகையில் 'நியூ ஆர்லியன்ஸை இழிவுபடுத்தமாட்டேன்' என்று இம்போசிஷன் எழுதினான். இத்தனைக்கும் அந்த எபிசோடின் நல்ல பகடி வேறு இடத்தில் இருந்தது. குழந்தைகள் காப்பகத்தில் பிடுங்கிவைத்த ரப்பர் காம்புகளை மீட்க மேகி திட்டம் போடுவது 'தி கிரேட் எஸ்கேப்' இசையோடு நடக்கும். பிறகு ஹோமர் அவளை அழைக்க வரும்போது அறை முழுக்கக் குழந்தைகள் காம்பைச் சப்பிக்கொண்டு மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்'. வெளியே ஹிட்ச்காக்கே இரண்டு நாய்களோடு நடந்துபோவார்.

காட்சிகளை விடுங்கள், இந்தத் தொடரில் ஆட்களே பலர் பகடிதான். பேராசிரியர் ஃப்ரிங்க், ஜெர்ரி லூயிஸின் 'தி நட்டி புரொஃபசர்' படத்திலிருந்து வந்தவர். 2003இல் ஃப்ரிங்கின் அப்பாவுக்கு ஜெர்ரி லூயிஸே வந்து குரல் கொடுத்தார். போலீஸ் தலைவர் விக்கமின் குரல் பழைய கேங்ஸ்டர் படங்களின் நடிகர் எட்வர்ட் ஜி. ராபின்சனின் சாயல். தேனீ வேஷம் போட்டு ஸ்பானிஷில் கத்துபவர் மெக்சிகோவின் 'எல் சாபுலின் கொலராடோ' என்கிற நகைச்சுவை சூப்பர்ஹீரோவின் சாயல். மேயர் குவிம்பியின் பேச்சு கென்னடி குடும்பத்துப் பேச்சு. டாக்டர் ஹிபர்ட் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எதற்கெடுத்தாலும் சிரிப்பது 'தி காஸ்பி ஷோ' அப்பாவைப் பார்த்து. 1990இல் ஃபாக்ஸ் இந்தத் தொடரை வியாழன் இரவு 8 மணிக்கு, நேராக காஸ்பிக்கு எதிராக மாற்றிப் போட்டிருந்த நேரம் அது. இவர்கள் யாரையும் மூலத்தோடு ஒப்பிட்டு நாம் பார்ப்பதில்லை. முப்பது வருஷத்தில் நகல் சொந்த ஆளாகிவிட்டது.

ஏன் இவ்வளவு பழைய படங்கள், அன்றன்றைய செய்தி ஏன் இல்லை என்று கேட்கலாம். காரணம் ரசனை மட்டுமில்லை, தயாரிப்பு முறை. எழுதி, எல்லோரும் உட்கார்ந்து வாசித்து, குரல் பதிந்து, ஸ்டோரிபோர்டு போட்டு, தென் கொரிய ஸ்டூடியோவுக்கு அனுப்பி வரைந்து வாங்க ஓர் எபிசோடுக்கு ஏறத்தாழ ஒன்பது மாதம் ஆகும். இன்று ஊர் பேசுவதை எழுதினால், திரைக்கு வரும்போது ஊர் மறந்திருக்கும். ஆகவே மறக்காத விஷயங்களைப் பிடித்தார்கள். 'சவுத் பார்க்' என்கிற இன்னொரு கார்ட்டூன் தொடர் இதற்கு நேர்மாறு. அதை உருவாக்கிய ட்ரே பார்க்கரும் மேட் ஸ்டோனும் கணினியில் ஓர் எபிசோடை ஆறு நாளில் முடிக்கிறார்கள். 2008 நவம்பரில் ஒபாமா வென்ற மறுநாள் இரவே அவருடைய வெற்றிப் பேச்சை வைத்து எபிசோட் ஒளிபரப்பானது. அதன் வேகம் அப்போது ஆச்சரியம். இன்று அந்த மாதிரி எபிசோடுகளைப் பார்க்கும்போது அந்த வாரத்துப் பத்திரிகையும் பக்கத்தில் வேண்டியிருக்கிறது. உங்கள் பயம் சவுத் பார்க் விஷயத்தில்தான் அதிகம் பொருந்தும்.

'ஃபேமிலி கை' கார்ட்டூன் தொடர் மூன்றாவது வகை. 'இது அந்தத் தடவை நடந்ததைவிட மோசம்' என்று ஒருவர் சொல்வார், உடனே கதையை நிறுத்தி, சம்பந்தமே இல்லாத ஒரு பிரபலத்தை வைத்து பத்து நொடித் துண்டு ஓடும், திரும்ப கதைக்கு வருவார்கள். சில துண்டுகள் அபாரம், மறுக்கவில்லை. ஆனால் அதை எடுத்துவிட்டால் கதையில் ஓட்டை விழாது. சவுத் பார்க் 2006இல் 'கார்ட்டூன் வார்ஸ்' எபிசோடுகளில் இதைத்தான் பிடித்து வாரியது: ஃபேமிலி கையை எழுதுவது தொட்டியில் நீந்தும் கடற்பசுக்கள், அவை சொற்கள் எழுதிய பந்துகளைத் தள்ளிவிட, வந்த சொற்களைச் சேர்த்தால் ஒரு ஜோக். கொஞ்சம் அநியாயம்தான். ஆனால் அதே ஃபேமிலி கை 2007இல் லூகாஸ் நிறுவனத்தின் அனுமதியோடு முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தை முழுக்க எடுத்துச் செய்த 'ப்ளூ ஹார்வெஸ்ட்' எபிசோடில், கதை தடம் இருந்ததாலேயே ஜோக்குகளும் நன்றாக உட்கார்ந்தன.

2002இல் சவுத் பார்க் இன்னொன்று செய்தது. பட்டர்ஸ் என்கிற பையன் உலகை அழிக்க ஒவ்வொரு திட்டமாக யோசிப்பான், ஒவ்வொன்றுக்கும் 'இதை சிம்ப்சன்ஸ் ஏற்கெனவே செய்துவிட்டது' என்று பதில் வரும். மண்டை காய்ந்துபோவான். கடைசியில், மீன்தொட்டியில் குட்டி மனிதர்கள் நாகரிகம் வளர்ப்பதையும் சிம்ப்சன்ஸ் செய்துவிட்டதே என்றால், அதையே அவர்கள் 'தி ட்வைலைட் ஸோன்' தொடரிலிருந்துதான் எடுத்தார்கள் என்று வரும். அது உண்மை. சிம்ப்சன்ஸின் ஹாலோவீன் எபிசோடுகளில் பல அந்த 1960களின் தொடருக்குக் கடன்பட்டவை.

பகடியே மூலமாக மாறிவிடுவதும் நடக்கும். 1994இல் 'டீப் ஸ்பேஸ் ஹோமர்'. விண்வெளியில் சிப்ஸ் பாக்கெட் உடைந்து ஹோமர் மிதந்து மிதந்து ஒவ்வொன்றாகக் கவ்வும்போது பின்னால் 'ப்ளூ டான்யூப்' வால்ட்ஸ் ஓடும். குப்ரிக்கின் '2001' படத்தில் விண்கலங்கள் ஆடிய அதே இசை. அதே எபிசோடில் எறும்புப் பண்ணை உடைந்து ஓர் எறும்பு கேமராவுக்கு வெகு அருகில் மிதக்கிறது. அதைப் பார்த்த செய்தி வாசிப்பாளர் கென்ட் ப்ராக்மன், ராட்சத எறும்புகள் விண்கலத்தைப் பிடித்துவிட்டன, அடுத்து பூமிதான் என்று முடிவுகட்டி, நேரலையிலேயே 'புதிய பூச்சி எஜமானர்களை நான் வரவேற்கிறேன்' என்று கட்சி மாறிவிடுகிறார். 2011இல் 'ஜெப்பர்டி' வினாடி வினாவில் ஐபிஎம்மின் வாட்சன் கணினியிடம் தோற்கும் நேரத்தில், போட்டியாளர் கென் ஜென்னிங்ஸ் கடைசி விடையோடு 'புதிய கணினி எஜமானர்களை நான் வரவேற்கிறேன்' என்று எழுதிக் காட்டினார். 1996இல் வந்த 'ஸ்டீம்டு ஹாம்ஸ்' துண்டுக்கும் இதே கதை. சமையல் கருகிப்போனதை மேலதிகாரியிடம் மறைக்க பள்ளி முதல்வர் ஸ்கின்னர் பொய்க்கு மேல் பொய் சொல்லும் அந்தச் சில நிமிடங்கள், இருபது வருடம் கழித்து மீம் ஆகி ஆயிரம் விதமாக உருமாறின. அந்த எபிசோடின் அமைப்பே 'பல்ப் ஃபிக்‌ஷன்' பாணி என்பது மீம் பார்க்கிறவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது?

சரிவராத இடமும் ஒன்று உண்டு, அது நம் பக்கத்து விஷயம். கடைக்காரர் அபுவின் பெயர் சத்யஜித் ராயின் 'அபு' மூன்று படங்களிலிருந்து வந்தது. பெயரளவில் நல்ல மரியாதை. ஆனால் குரல்? அதைக் கொடுத்த ஹாங்க் அசாரியா, 'தி பார்ட்டி' (1968) படத்தில் பீட்டர் செல்லர்ஸ் முகத்தில் சாயம் பூசி இந்தியராக நடித்த பேச்சுமுறையும் அதற்கு ஓர் அடிப்படை என்று சொல்லியிருக்கிறார். அதாவது, போலியின் போலி. ராயைத் தெரிந்தவர்கள் பெயரைக் கவனித்தார்கள். அமெரிக்கப் பள்ளிகளில் படித்த இந்தியப் பிள்ளைகளுக்கு மிஞ்சியது அந்தப் பேச்சுமுறையில் அடித்த கேலிதான். இந்திய வம்சாவளி நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 2017இல் 'தி ப்ராப்ளம் வித் அபு' என்கிற ஆவணப்படத்தில் இதைக் கேட்டார். தொடர் 2018இல் கொடுத்த பதில் 'காலம் மாறிவிட்டது, என்ன செய்ய' என்கிற தோரணையில் இருந்தது, எனக்கு அது சப்பைக்கட்டாகத்தான் பட்டது. 2020இல் அசாரியா அந்தக் குரலை விட்டுவிட்டார்.

நடுவே ஒரு சின்னச் சுவை, இதைச் சொல்லாமல் விட மனமில்லை. 1995 ஹாலோவீன் எபிசோடில் ஹோமர் முப்பரிமாண உலகத்துக்குள் விழுவார். அதுவும் ட்வைலைட் ஸோன் கதைதான். அங்கே பின்னணியில் 1782இன் 12ஆம் அடுக்கும் 1841இன் 12ஆம் அடுக்கும் கூட்டினால் 1922இன் 12ஆம் அடுக்கு என்று மிதந்துபோகும். இரண்டுக்கு மேற்பட்ட எந்த அடுக்கிலும் முழு எண்களில் இப்படி ஒரு கூட்டல் அமையாது என்கிற ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தைப் பொய்யாக்குவதுபோலத் தோன்றும் சமன்பாடு. சாதாரணக் கால்குலேட்டரில் போட்டால் சரி என்றே காட்டும், ஏனென்றால் முதல் ஒன்பது இலக்கங்கள் ஒன்றே, பத்து இலக்கத்துக்கு முழுதாக்கும்போது வேறுபாடு மறைந்துவிடுகிறது. ஆனால் இரட்டைப்படையும் ஒற்றைப்படையும் கூட்டினால் ஒற்றைப்படை, வலப்பக்கம் இரட்டைப்படை. கால்குலேட்டர் இல்லாமலே உடைத்துவிடலாம். எழுத்தாளர் டேவிட் எக்ஸ். கோஹன் இதற்காகவே ஒரு கணினி நிரல் எழுதிக் கண்டுபிடித்தது.

இனி நடைமுறைக்கு வருவோம். சீசன் 3 முதல் 8 வரை வரிசையாகப் பாருங்கள், பட்டியலைத் திறக்காதீர்கள். ஏதாவது ஒரு காட்சியில் இசை திடீரென்று மாறி, கேமரா கோணமும் விசித்திரமாகி, 'இது ஏன் இப்படி?' என்று தோன்றினால் அங்கே ஒரு மூலம் இருக்கிறது என்று பொருள். பிடித்திருந்தால் அதை மட்டும் தேடிக்கொள்ளுங்கள். முன்கூட்டியே பார்த்துவிட்டு வரலாம் என்றால் மூன்றே மூன்று சொல்வேன்: 'ரோஸ்பட்'டுக்கு 'சிட்டிசன் கேன்', 1994இல் வந்த 'பார்ட் ஆஃப் டார்க்னஸ்' எபிசோடுக்கு ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ', அதே ஆண்டின் ஹாலோவீன் எபிசோடில் வரும் 'தி ஷின்னிங்'குக்கு குப்ரிக்கின் 'தி ஷைனிங்'. மற்றவற்றை முதலில் பகடி, பிறகு மூலம் என்று தலைகீழ் வரிசையில் பார்ப்பதில் தவறே இல்லை. பல வருடம் கழித்து 'கேப் ஃபியர்' படத்தைப் பார்க்கும்போது டி நீரோ சுருட்டோடு சிரிக்கிற இடத்தில் முன்வரிசையில் ஹோமரைத் தேடுவீர்கள், அவ்வளவுதான் பக்கவிளைவு.

மூன்றாவது சீசனைத் தொடங்கும்போது முதல் எபிசோட் 'ஸ்டார்க் ரேவிங் டாட்' காணவில்லையே என்று குழம்ப வேண்டாம். தன்னை மைக்கேல் ஜாக்சன் என்று நம்பும் ஒருவருக்கு ஜாக்சனே வேறு பெயரில் பேசிய எபிசோட் அது. 2019இல் அதைப் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், டிஸ்னி தளத்தில் நேராக இரண்டாவது எபிசோடிலிருந்துதான் வரும்.